வளரும் எலி மூளையில் யூஜிடி8 வெளிப்பாடு: எதோடு ஒப்பிட்டு எழுதுவது?

வில்லியனூர்_வெண்ணிலா · திங்கள், இரவு 9.12

வணக்கம். விஸ்டர் எலிக்குட்டிகளின் மூளையில் யூஜிடி8 மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. அளவை வயதுவாரியாகப் பார்க்கும் திட்டம் இது. யூடிபி-காலக்டோஸிலிருந்து காலக்டோஸை எடுத்துச் செரமைடோடு சேர்த்து, நரம்பு இழையைச் சுற்றும் மையலின் உறையின் கொழுப்பான காலக்டோசில்செரமைடைச் செய்யும் நொதிக்கான மரபணு இது. பழைய கட்டுரைகளில் சிஜிடி என்று வரும். விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இருக்கிறது.

திட்டத்தில் எழுதியிருப்பது: பிறந்த நாள், 5, 10, 15, 20, 30, 60ஆம் நாள்கள். வயதுக்கு ஆறு குட்டிகள். முழு மூளையை டிரைசாலில் (ஆர்.என்.ஏ. பிரிக்கும் கரைசல்) அரைத்து ஆர்.என்.ஏ., பிறகு ஆர்டி-கியூபிசிஆர் (ஆர்.என்.ஏ.வை சிடிஎன்ஏ என்ற டிஎன்ஏ படியாக்கிப் பெருக்கி அளப்பது), மாறாத அளவுகோலாக ஜிஏபிடிஹெச் மரபணுவோடு ஒப்பீடு, டெல்டா டெல்டா சிடி கணக்கு. விலங்கு எடுப்பதற்கு முன்னால் இதில் எங்கே ஓட்டை என்று சொல்லுங்கள். பிறகு தெரிந்து பயனில்லை.

சில்லித்தட்டு · திங்கள், இரவு 10.05

முன்னாடியே கேட்டது நல்லது. மூணு இடத்துல ஓட்டை இருக்கு.

முதல்ல ஜிஏபிடிஹெச். பிறந்த குட்டி மூளையும் 60 நாள் மூளையும் சர்க்கரையை எரிக்கிற விதமே வேற. கிளைகாலிசிஸ் நொதியை எடுத்து "இது மாறாது"ன்னு நம்புறது எந்த நியாயம்? பீட்டா ஆக்டின் இன்னும் மோசம். நரம்புக் கிளைகள் நீள்ற காலத்துல கொட்டும், முதிர முதிர இறங்கும். ஒப்பீட்டு மரபணு இறங்கினா உங்க யூஜிடி8 ஏறின மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஹெச்பிஆர்டி1, டிபிபி, ஒய்வேஸ், எஸ்டிஹெச்ஏ, ஒரு ரைபோசோம் புரத மரபணுன்னு அஞ்சாறு பிரைமர் வாங்கி, எல்லா வயசு சிடிஎன்ஏவிலயும் ஓட்டுங்க. ஜிநார்ம் மாதிரி கணக்குல போட்டு, எந்த ரெண்டு அல்லது மூணு நிலையா இருக்கோ அதோட ஜியோமெட்ரிக் சராசரியை எடுங்க. 2002லேர்ந்து இருக்கிற முறை. வேற ஆய்வகத்துல நிலையா இருந்தது உங்க திசுவுலயும் நிலையா இருக்கும்னு எடுத்துக்காதீங்க.

ரெண்டாவது "ஆறு குட்டி". ஆறும் ஒரே ஈற்றுக் குட்டின்னா அது ஆறு இல்லை, ஒண்ணு. ஒரே தாய், ஒரே பால், ஒரே கூண்டு. ஒவ்வொரு வயசுக்கும் ஆறு வெவ்வேறு ஈற்றுலேர்ந்து ஒவ்வொரு குட்டி எடுங்க. இன்னொண்ணு, பிறந்த மறுநாளே ஈற்றுக்கு எட்டுக் குட்டின்னு சமப்படுத்திடுங்க. 14 குட்டி போட்ட தாய்கிட்ட பால் பத்தாது. பால்குடி காலத்துல ஊட்டம் குறைஞ்சா மையலின் குறையும். அது பழைய, உறுதியான செய்தி. வயசால வந்த வித்தியாசமா, பசியால வந்ததான்னு பிறகு பிரிக்கவே முடியாது.

மூணாவது முழு மூளை. அதை கெடிலக்கரை சார் சொல்லுவார், அவருக்குப் பிடிச்ச சண்டை.

கெடிலக்கரை · திங்கள், இரவு 11.20

சண்டை இல்லை, கணக்குதான்.

வெண்ணிலா, மூளையில் இந்த நொதியை வைத்திருப்பவை ஏறக்குறைய, மையலின் சுற்றும் ஒலிகோடென்ட்ரோசைட் செல்கள் மட்டுமே. உடலில் வேறு இடம் என்றால் மூளைக்கு வெளியே நரம்புகளில் மையலின் சுற்றும் ஷ்வான் செல்கள், சிறுநீரகம், விதைப்பை. பிறந்த அன்று எலியின் முன்மூளையில் முதிர்ந்த ஒலிகோடென்ட்ரோசைட் இல்லை என்றே சொல்லலாம். முதல் பத்து நாளில் யூஜிடி8 அடியில் கிடக்கும். 15 முதல் 20 நாள் வாக்கில் உச்சம். பிறகு இறங்கினாலும் வளர்ந்த எலியில் அற்றுப்போகாது. 1993இல் எலியின் சிடிஎன்ஏவைப் பிரித்தெடுத்த காலத்திலிருந்து இந்த வடிவம் தெரிந்ததுதான். அதையே மறுபடி வரைந்தால் புதிதாக ஒன்றும் வராது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. மின்வாரியக் கணக்கில் ஊரின் மொத்த யூனிட் ஏறியிருக்கிறது என்றால், புது வீடுகள் வந்தனவா, இருந்த வீடுகளில் ஏசி மாட்டினார்களா? முழு மூளை ஆர்.என்.ஏ.வில் யூஜிடி8 ஏறுவதும் அப்படித்தான். செல் எண்ணிக்கை கூடியதா, ஒரு செல்லுக்குள் படியெடுப்பு கூடியதா என்று அந்த ஒற்றைக் கோடு சொல்லாது. "மரபணு தூண்டப்படுகிறது" என்று முடிவுரையில் எழுதிவிடுவார்கள்; தரவு அதைச் சொல்லியிருக்காது.

மேலும் மையலின் எல்லா இடத்திலும் ஒன்றாகத் தொடங்குவதில்லை. தண்டுவடம், மூளைத்தண்டு முதலில், சிறுமூளை அடுத்து, பெருமூளைப் புறணி கடைசி. முழு மூளையை அரைத்தால் வெவ்வேறு நேரத்தில் எழும் அலைகளைக் கூட்டி ஒரு மழுங்கிய மேடாக்குகிறீர்கள். குறைந்தது மூளைத்தண்டு, சிறுமூளை, பெருமூளைப் புறணி, நடுவே இரு பாதிகளையும் இணைக்கும் வெள்ளைப் பட்டை என்று பிரித்தெடுங்கள். 10 நாளுக்கு முந்தைய குட்டியில் அந்தப் பட்டையைக் கையால் பிரிப்பது கடினம். அங்கே புறணியோடு சேர்த்தே எடுத்து, அப்படியே எழுதிவிடுங்கள்.

வில்லியனூர்_வெண்ணிலா · செவ்வாய், காலை 7.48

நன்றி சார். செல் எண்ணிக்கையையும் ஒரு செல்லின் அளவையும் கியூபிசிஆரிலேயே பிரிக்க வழி உண்டா? செல் பிரிக்கும் கருவி எங்களிடம் இல்லை.

சில்லித்தட்டு · செவ்வாய், காலை 8.30

பாதி வழி உண்டும்மா. அதே சிடிஎன்ஏவுல சாக்ஸ்10 மரபணுவை ஓட்டு. ஒலிகோடென்ட்ரோசைட் வம்சத்துல முன்னோடி செல்லேர்ந்து முதிர்ந்தது வரைக்கும் எல்லாத்துலயும் இருக்கும். யூஜிடி8ஐ சாக்ஸ்10ஆல வகுத்தா, வம்சத்துக்கு எவ்வளவுன்னு ஒரு தோராயம் வரும்.

சும்மா ஒரு எண் போட்டுப் பார்ப்போம். ஒப்பீட்டு மரபணு ரெண்டு வயசுலயும் ஒரே சிடி (சைகை எழுற சுழற்சி எண், ஒண்ணு குறைஞ்சா அளவு ரெட்டிப்பு). யூஜிடி8 அஞ்சாம் நாள் 30, இருபதாம் நாள் 24. ஆறு சுழற்சி, 64 மடங்கு. சாக்ஸ்10 அஞ்சாம் நாள் 27, இருபதாம் நாள் 25. ரெண்டு சுழற்சி, 4 மடங்கு. அப்போ 64ல 4 மடங்கு வம்சம் பெருகினதால. மீதி 16தான் வம்சத்துக்குள்ள நடந்தது. தலைப்புல 64ன்னு போடுறதும் 16ன்னு போடுறதும் ஒரே விஷயம் இல்லை.

ஊசுடேரி · செவ்வாய், காலை 9.15

அந்த 16ஐயும் "ஒரு செல்லுக்கு" என்று படிக்கக் கூடாது. ஐந்தாம் நாள் வம்சத்தில் பெரும்பாலும் முன்னோடி செல்கள். இருபதாம் நாளில் பெரும்பங்கு முதிர்ந்தவை. முன்னோடி செல்லில் யூஜிடி8 மிகக் குறைவு. ஆக அந்த 16க்குள்ளும் எத்தனை பேர் முதிர்ந்தார்கள் என்ற எண்ணிக்கை ஒளிந்திருக்கிறது. தவிர, சாக்ஸ்10 ஒரு செல்லில் எல்லாப் பருவத்திலும் ஒரே அளவு என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே பிடிஜிஎஃப்ஆர்ஏ (முன்னோடி), மிர்ஃப் (முதிரத் தொடங்கும் கட்டம்), எம்ஓஜி (கடைசிக் கட்டம்) மூன்றையும் கூட ஓட்டச் சொல்வேன். யூஜிடி8இன் கோடு மிர்ஃப் கோட்டை ஒட்டியே போனால் "முதிர்ந்த செல் வந்தது, நொதியும் வந்தது" என்பதற்கு மேல் எழுத வேண்டாம். மிர்ஃபை விட்டு மேலே பிரிந்து போனால்தான் ஒரு செல்லுக்குள் ஏதோ கூடியிருக்கலாம் என்று பேச இடம் வரும்.

சில்லித்தட்டு · செவ்வாய், காலை 9.31

அதான் பாதி வழின்னேன். இருந்தாலும் 16 தப்புன்னா 64 அதைவிடத் தப்பு. ஒத்துக்கோங்க.

ஊசுடேரி · செவ்வாய், காலை 9.40

ஒத்துக்கொண்டேன். ஒரு செல்லுக்கு என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், திசு வெட்டிலேயே தூது ஆர்.என்.ஏ.வைப் புள்ளிகளாகக் காட்டும் இன் சிட்டு முறைதான். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் ஓர் இரவு, 30 சதவீத சர்க்கரைக் கரைசலில் மூழ்கும் வரை, கிரையோஸ்டாட்டில் 12 முதல் 16 மைக்ரான் வெட்டு. யூஜிடி8 நேர்மறை செல்களை எண்ணுங்கள்; ஒரு செல்லின் புள்ளிகளை வேறாக எண்ணுங்கள். அளவீடு இரண்டு, கேள்வியும் இரண்டு. எல்லா வயதுக்கும் வேண்டாம். 10, 20, 60 போதும். எம்பிபி என்ற மையலின் புரதத்தின் தூது ஆர்.என்.ஏ. செல்லின் கிளைகளுக்குள் கடத்தப்படுவதால் படத்தில் புகை போலப் பரவித் தெரியும். அதை வைத்து செல் எண்ண முடியாது. எண்ணுவதற்கு சாக்ஸ்10 அல்லது அதே வம்சத்தின் இன்னோர் அடையாளமான ஆலிக்2.

கெடிலக்கரை · செவ்வாய், மதியம் 1.10

ஆர்.என்.ஏ. எடுக்கும் இடத்துக்கு வருவோம். மூளை கொழுப்புத் திசு. அதிலும் வயது ஏற ஏறக் கொழுப்பு ஏறும். பிறந்த குட்டியில் நன்றாக வரும் முறை 30 நாள் மூளைத்தண்டில் சொதப்புவது அதனால்தான்.

பிறந்த குட்டியின் மூளை கால் கிராமுக்குச் சற்று மேல். 20 நாளில் ஒன்றரை கிராமை நெருங்கும். டிரைசால் 1 மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரைதான் தாங்கும். மையலின் நிறைந்த பகுதிக்கு 50ஐத் தாண்டாதீர்கள். அரைத்ததும் குளோரோஃபார்ம் ஊற்றிவிடக் கூடாது. முதலில் 12,000 ஜி, 10 நிமிடம், 4 டிகிரி சுழற்றுங்கள். மேலே வெண்மையாக ஓர் ஆடை மிதக்கும், அதுதான் கொழுப்பு. அதைத் தொடாமல் நடுத் திரவத்தை மட்டும் புதுக் குழாய்க்கு மாற்றுங்கள். பிறகு 1 மில்லிலிட்டர் டிரைசாலுக்கு 0.2 மில்லிலிட்டர் குளோரோஃபார்ம், 15 விநாடி குலுக்கல், 2 முதல் 3 நிமிடம் அறை வெப்பத்தில் வைத்து, 12,000 ஜியில் 15 நிமிடம். மேல் அடுக்கு முழுவதையும் உறிஞ்ச ஆசைப்படாதீர்கள். இடை அடுக்குக்கு மேலே கொஞ்சம் விட்டுவிடுங்கள். அங்கேதான் டிஎன்ஏ உட்கார்ந்திருக்கிறது. 0.5 மில்லிலிட்டர் ஐசோபுரோப்பனால், 10 நிமிடம், மறுபடி சுழற்சி. 75 சதவீத எத்தனாலில் இரண்டு முறை கழுவுங்கள்.

ஒளி உறிஞ்சலில் 260/280 விகிதம் 2.0ஐ ஒட்டி வந்தும் 260/230 ஒன்றுக்குக் கீழே கிடந்தால் டிரைசாலில் உள்ள குவானிடின் உப்பு மிச்சம். இன்னொரு எத்தனால் கழுவல் பெரும்பாலும் சரிசெய்யும். உருண்டையை எலும்பாகக் காயவிட்டால் கரையாது. ஓரம் ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் விட்டு 55 டிகிரியில் 10 நிமிடம்.

நம் ஊருக்கான ஒரு சொல்: ஐப்பசி கார்த்திகையில் புயல், மின்தடை. 2011 கடைசியில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின. மைனஸ் 80 பெட்டியை நம்பிக் கரைந்த ஆர்.என்.ஏ.வை அடுக்கி வைக்காதீர்கள். எத்தனாலுக்குள் உருண்டையாகவே விட்டால் மைனஸ் 20இல் மாதக்கணக்கில் நிற்கும்; ஒரு வாரம் 4 டிகிரியில் இருந்தாலும் கெடாது. மழைக்காலத்தில் அந்தக் கட்டத்திலேயே நிறுத்தி வைத்து, எல்லா வயதையும் ஒரே நாளில் கரைத்து ஒரே தொகுப்பாக சிடிஎன்ஏ செய்தால் தொகுதி வித்தியாசமும் போகும்.

சில்லித்தட்டு · செவ்வாய், மாலை 4.45

பிசிஆர் பக்கம் நான் சொல்லிடறேன்.

டிஎன்ஏஸ் கட்டாயம். பிரைமர் ரெண்டும் ஒரே எக்ஸானுக்குள்ள விழுந்தா மரபணு டிஎன்ஏவும் அதே அளவு துண்டா பெருகும், உருகு வளைவுல கண்டுபிடிக்கவே முடியாது. எக்ஸான் எல்லையைத் தாண்டுற மாதிரி வடிவமைங்க. அப்புறம் தலைகீழ் படியெடுப்பு நொதி போடாத கட்டுப்பாடு ஒவ்வொரு மாதிரிக்கும். அதுக்கும் மாதிரிக்கும் குறைஞ்சது 7 சுழற்சி வித்தியாசம் வேணும், அப்பதான் டிஎன்ஏ கலப்பு ஒரு சதவீதத்துக்குக் கீழ. பிறந்த நாள் குட்டியில யூஜிடி8 சிடி 33, 34ன்னு வரலாம். கட்டுப்பாடும் 36ல எழுந்தா, நீங்க அளக்கிறதுல ஒரு பங்கு டிஎன்ஏ. வயசு குறைஞ்ச பக்கம்தான் இதுல அடிபடும், ஏற்றம் உண்மையைவிடக் குறைச்சலா தெரியும்.

யூஜிடி குடும்பம் பெருசு. கல்லீரல்ல நச்சு நீக்கற யூஜிடி1, யூஜிடி2 எல்லாம் உறவுக்காரங்கதான், பாதுகாக்கப்பட்ட பகுதியில பிரைமர் விழுந்தா அவங்களும் வருவாங்க. பிளாஸ்ட் வரிசைத் தேடல்ல பாத்துட்டு, நேர்மறைக்கு சிறுநீரகம் ஒண்ணு ஓட்டுங்க. சுண்டெலித் தரவுத்தளத்துல தேடினா யூஜிடி8ஏன்னு இருக்கும், பதறாதீங்க. குளுக்கோசில்செரமைடு செய்ற யூஜிசிஜி வேற மரபணு. பேர் ஒத்துப்போறதால மாத்தி வாங்கினவங்க உண்டு.

திறன் வளைவு: எல்லா சிடிஎன்ஏவையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து, பத்துப் பத்து மடங்கா அஞ்சு புள்ளி. சரிவு மைனஸ் 3.32ன்னா நூறு சதவீதம். மைனஸ் 3.6க்கும் மைனஸ் 3.1க்கும் நடுவுல இருந்தா பரவாயில்லை. யூஜிடி8க்கு 92, ஒப்பீட்டுக்கு 104ன்னா டெல்டா டெல்டா சிடி போடாதீங்க, திறனைச் சேர்த்துக் கணக்கிடுற 2001 ப்ஃபாஃபிள் சூத்திரம். ஆறு சுழற்சி தூரத்துல, 92ஐ நூறுன்னு எடுத்துக்கிறதே கணக்கைக் கால் பங்குக்கு மேல தள்ளிடும்.

முக்கியமானது: இந்த வளைவை பிறந்த நாள் மாதிரியிலயும் 30 நாள் மாதிரியிலயும் தனித்தனியா ஒரு தடவை பாருங்க. கொழுப்பும் ஃபீனாலும் ஒட்டியிருந்தா முதிர்ந்த மூளை மாதிரியில மட்டும் தடை வரும். பத்து மடங்கு நீர்த்தும் சிடி 3.3 ஏறாம 2.5தான் ஏறுதுன்னா தடை இருக்குன்னு அர்த்தம். வயசோட வர்ற தடை, வயசோட வர்ற உயிரியல் மாதிரியே வேஷம் போடும்.

மஞ்சக்குப்பம்_மது · செவ்வாய், இரவு 8.20

இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். கடலூரில் இளநிலை உயிர்வேதியியல் வகுப்பு எடுக்கிறேன். எலிக்கூடமும் இல்லை, கியூபிசிஆரும் இல்லை. இந்த நொதி செய்யும் கொழுப்பையாவது மாணவர்களுக்குக் காட்ட முடியுமா?

கெடிலக்கரை · செவ்வாய், இரவு 9.30

தாராளமாக. கறிக்கடையில் ஆட்டு மூளை வாங்குங்கள். அறுத்த சில மணி நேரத்துக்குள் வேண்டும், பனிக்கட்டியில் கொண்டுவாருங்கள். கொழுப்புக்கு ஆர்.என்.ஏ. போல அவ்வளவு அவசரம் இல்லை, ஆனாலும் வெயிலில் கிடந்தால் சிதையும். புறணியின் சாம்பல்பொருளில் ஒரு கிராம், நடுப்பட்டை வெண்பொருளில் ஒரு கிராம், தனித்தனியாக.

ஒரு கிராமுக்கு 20 மில்லிலிட்டர் குளோரோஃபார்ம்-மெத்தனால், 2:1. இது 1957இல் வந்த ஃபோல்ச் முறை. அரைத்து வடிகட்டி, கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு 0.9 சதவீத உப்புநீர் சேர்த்துச் சுழற்றுங்கள். கீழ் அடுக்குதான் நமக்கு. கண்ணாடிக் குழாய், டெஃப்லான் மூடி மட்டும். பாலிஸ்டைரின் குழாயில் குளோரோஃபார்ம் ஊற்றினால் குழாயே கரைந்து தட்டில் புதுப் பட்டையாக வந்து நிற்கும். பாஸ்போகொழுப்பு மறைக்காமல் இருக்க, பாதியைக் காயவைத்து மெத்தனாலில் கரைத்த 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் 37 டிகிரி ஒரு மணி நேரம் வையுங்கள். எஸ்டர் பிணைப்புகள் போகும், ஸ்பிங்கோகொழுப்புகள் நிற்கும். நடுநிலையாக்கி மறுபடி ஃபோல்ச்.

சிலிக்கா தட்டு, குளோரோஃபார்ம்-மெத்தனால்-தண்ணீர் 65:25:4. ஆர்சினால்-கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் சர்க்கரை உள்ள கொழுப்பு ஊதாவாக எழும். வெண்பொருளில் காலக்டோசில்செரமைடு இரட்டைப் பட்டையாக நிற்கும்: மேலே சாதாரணக் கொழுப்பமிலம் கொண்டது, கீழே ஹைட்ராக்சி கொழுப்பமிலம் கொண்டது. இன்னும் கீழே அதன் சல்ஃபேட் ஏறிய வடிவமான சல்ஃபடைடு. சாம்பல்பொருளில் அவை மெலிந்து தெரியும். மையலின் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு மூலக்கூறு என்பதை மாணவர்கள் கண்ணால் பார்க்கலாம். டுடிகம் 1884இல் மூளையின் வேதியியல் நூலில் செரிப்ரோசைடு என்று எழுதியது இதைத்தான்.

கடலோரக் காற்றில் சிலிக்கா ஈரம் குடிக்கும். மழைக்காலத்தில் அதே கரைப்பானில் பட்டைகள் எல்லாம் மேலே ஓடி ஒன்றோடொன்று ஒட்டும். தட்டை 110 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, டெசிகேட்டரில் ஆறவைத்து, உடனே பொட்டு வையுங்கள். கழிவு குளோரோஃபார்ம் வாஷ்பேசினுக்குப் போகக் கூடாது.

மஞ்சக்குப்பம்_மது · செவ்வாய், இரவு 9.52

வளர்ச்சியைக் காட்ட இளம் ஆட்டுக்குட்டியின் மூளை வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

கெடிலக்கரை · செவ்வாய், இரவு 10.10

பெரிதாகத் தெரியாது. ஆடு பிறந்த சிறிது நேரத்தில் எழுந்து நடக்கும் பிராணி. மையலின் வேலையில் பெரும்பகுதி கருப்பையிலேயே நடந்து முடிந்திருக்கும். எலி கண் திறக்காமல் பிறப்பதால்தான் நமக்கு முழுப் படமும் கூண்டுக்குள் கிடைக்கிறது. மனிதன் இடையில்: கருவின் கடைசி மூன்று மாதத்தில் தொடங்கி, முதல் இரண்டு ஆண்டில் வேகமெடுத்து, முன்மூளைப் பகுதிகளில் இருபது வயதைத் தாண்டியும் போகிறது.

வளர்ச்சிதான் வேண்டும் என்றால் கோழிக் கரு பாருங்கள். கடை முட்டை கருவுறாதது, உதவாது. குஞ்சு பொரிப்பகத்தில் வாங்க வேண்டும். 37.5 டிகிரி, ஈரப்பதம் 55-60 சதவீதம், தினமும் சில முறை திருப்பி வைக்க வேண்டும். தண்டுவடத்தில் 13ஆம் நாள் வாக்கில் மையலின் தொடங்கும், மூளையில் அதற்குச் சில நாள் பின்னால், 21இல் குஞ்சு. 12, 15, 18ஆம் நாள், பொரித்த நாள் என்று நான்கு தண்டுவடங்களைத் தட்டில் அருகருகே ஓட்டினால் பட்டை எழுவது தெரியும். மாதிரி சிறியது, நாலைந்து கருவைச் சேர்த்துத்தான் ஒரு பொட்டு. உங்கள் நிறுவன நெறிமுறைக் குழுவிடம் முதலில் எழுதிக் கேளுங்கள், முதிர்ந்த கரு என்றால் கேள்வி வரும்.

வில்லியனூர்_வெண்ணிலா · புதன், காலை 7.30

சார், அப்படியென்றால் என் எலி மாதிரியிலும் கொழுப்பை அளக்கலாமா? தூது ஆர்.என்.ஏ.வும் கொழுப்பும் ஒரே மூளையில்?

கெடிலக்கரை · புதன், காலை 9.05

அளக்கத்தான் வேண்டும். இடப் பாதி ஆர்.என்.ஏ.வுக்கு, வலப் பாதி கொழுப்புக்கு, இரண்டையும் திரவ நைட்ரஜனில் உறையவையுங்கள். ஆர்.என்.ஏ.லேட்டரில் ஊறிய திசுவைக் கொழுப்புக்கோ நொதிச் செயல்பாட்டுக்கோ எடுக்காதீர்கள். உப்பு மண்டிக் கிடக்கும், நொதியும் போயிருக்கும்.

இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். தூது ஆர்.என்.ஏ. 20 நாளுக்குப் பின் இறங்கும். கொழுப்பு இறங்காது, சேர்ந்துகொண்டே போகும். மையலினில் ஒருமுறை கட்டிய காலக்டோசில்செரமைடு மெதுவாகத்தான் மாறும். ஆர்.என்.ஏ. கோடு ஏறக்குறைய கட்டும் வேகத்தைக் காட்டுகிறது, கொழுப்புக் கோடு கட்டி முடித்த இருப்பைக் காட்டுகிறது. "முரண்பாடு" என்று யாராவது மதிப்புரையில் கேட்டால் இதுதான் பதில். அதனால் கொழுப்பின் அளவை அப்படியே வைக்காமல், அடுத்தடுத்த இரண்டு வயதுக்கு இடையே கூடிய அளவை நாள்களால் வகுத்து, அதை ஆர்.என்.ஏ.வோடு வைத்துப் பாருங்கள்.

அலகு முக்கியம். பிறந்த எலி மூளையில் 88 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், வளர்ந்ததில் 78 வாக்கில். ஈர எடைக்கு இவ்வளவு என்று எழுதினால் தண்ணீர் வடிந்ததே ஏற்றமாகத் தெரியும். உலர் எடைக்கு, அல்லது ஒரு முழு மூளைக்கு என்று எழுதுங்கள்.

சில்லித்தட்டு · புதன், காலை 9.40

நொதிச் செயல்பாடும் பார்த்தா முழுசா இருக்கும். செலவு அதிகமில்லை, ஆனா தட்டு சாதாரணத் தட்டா இருக்கக் கூடாது. சார் சொல்லட்டும்.

கெடிலக்கரை · புதன், காலை 10.25

ஒளிரும் என்பிடி-செரமைடு, யூடிபி-காலக்டோஸ், மைக்ரோசோம், 37 டிகிரி. நொதியின் வினைமுகம் எண்டோபிளாச வலையின் உட்புறம் பார்த்திருக்கிறது. பை மூடியே இருந்தால் யூடிபி-காலக்டோஸ் உள்ளே போவதுதான் கட்டுப்படுத்தும் படியாகிவிடும். மென்மையான டிடர்ஜென்ட் கொஞ்சம், அளவைப் பல செறிவில் பார்த்து முடிவு செய்யுங்கள். அதிகமானால் நொதி செத்துவிடும்.

மூளைச் சாற்றில் யூடிபி-காலக்டோஸை யூடிபி-குளுக்கோஸாக்கும் எபிமரேஸும் இருக்கிறது. ஆகவே காலக்டோஸ் போட்டும் குளுக்கோசில்செரமைடு விளையும். பிறந்த குட்டியில் நம் நொதி குறைவு, குளுக்கோஸ் நொதி ஓங்கி நிற்கும். சாதாரண சிலிக்காவில் இரண்டும் ஒட்டியே ஓடும், குட்டியிலும் செயல்பாடு இருப்பதாகத் தோன்றும். தட்டை 2.5 சதவீத போரிக் அமில மெத்தனாலில் முக்கிக் காயவைத்துச் சூடாக்குங்கள். போரேட் காலக்டோஸின் அருகருகேயான ஹைட்ராக்சில்களைப் பிடித்துக்கொள்ளும். காலக்டோசில்செரமைடு பின்தங்கி, குளுக்கோஸ் வகை முன்னே போகும்.

ஊசுடேரி · புதன், மதியம் 12.50

திசுச் சாயம் போடுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. காலக்டோசில்செரமைடைப் பிடிக்கும் ஓ1 எதிர்ப்பொருளைப் பாரஃபின் வெட்டில் போட்டுப் பயனில்லை, ஆல்கஹாலும் சைலீனும் அந்தக் கொழுப்பைக் கரைத்துக் கொண்டு போயிருக்கும். டிரைட்டானும் அதே வேலையைச் செய்யும். வளர்ப்புச் செல்லில் உயிரோடிருக்கும்போதே, துளையிடுவதற்கு முன் ஓ1 போட்டுவிட்டு, பிறகு நிலைப்படுத்தி, உள்ளே இருக்கும் புரதத்துக்கு வாருங்கள். ஓ4 வேறு: சல்ஃபடைடைப் பிடிக்கும், அதற்கு முந்தைய கட்டத்துச் செல்லையும் காட்டும்.

மனிதத் தரவும் சேர்க்க விருப்பம் இருந்தால் பிரெயின்ஸ்பேன் தரவுத்தளம் இலவசம்: கருவின் 8ஆம் வாரம் முதல் 40 வயது வரை, 16 மூளைப் பகுதிகள். யூஜிடி8 கருக்காலத்தின் பெரும்பகுதியில் தாழ்ந்தும், பிறப்பை ஒட்டி எழுந்தும் தெரியும். அதுவும் கலப்புத் திசுதான். நேற்றுக் காலையில் பேசிய சாக்ஸ்10, மிர்ஃப் ஒப்பீட்டை அங்கேயும் போடுங்கள், ஒரு மடிக்கணினி போதும். எலி வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே உங்கள் பகுப்பாய்வை அங்கே ஒத்திகை பார்த்துவிடலாம்.

மஞ்சக்குப்பம்_மது · புதன், மாலை 6.15

ஒரு கேள்வி. இந்த நொதியே இல்லாவிட்டால் மையலினே உருவாகாதா? வகுப்பில் நிச்சயம் கேட்பார்கள்.

கெடிலக்கரை · புதன், மாலை 7.00

உருவாகும். 1996இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளைச் செய்தன. காலக்டோசில்செரமைடும் இல்லை, சல்ஃபடைடும் இல்லை, ஆனாலும் மையலின் சுற்றியிருந்தது. ஹைட்ராக்சி கொழுப்பமிலம் கொண்ட குளுக்கோசில்செரமைடு அந்த இடத்தில் வந்து நின்றது. ஆனால் நடுக்கம், பின்னங்கால் செயலிழப்பு, நரம்புச் சைகையின் வேகக் குறைவு, பெரும்பாலானவை இளவயதிலேயே சாவு. மையலின் துண்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளியான ரான்வியர் கணுவின் இருபுறமும் மையலின் நரம்பைப் பற்றும் இடம் சரியாக அமையவில்லை. ஆண் எலிகளில் விந்தணு வளர்ச்சியும் நின்றது, விதைப்பையின் செமினோலிப்பிடுக்கும் இதே நொதிதான் வேண்டும்.

மறுபக்கம் கிராபே நோய். அங்கே இந்தக் கொழுப்பைச் சிதைக்கும் ஜிஏஎல்சி நொதி இல்லை. சைக்கோசின் என்ற நச்சுக் கொழுப்பு சேர்ந்து ஒலிகோடென்ட்ரோசைட்டைக் கொல்கிறது. அதனால்தான் யூஜிடி8ஐ ஓரளவு தடுக்கும் மருந்து தேடுகிறார்கள். எந்த வயதில், எவ்வளவு தடுப்பது என்ற கேள்வி வரும்போது வெண்ணிலா வரையப்போகும் கோடு வேண்டியிருக்கும்.

வில்லியனூர்_வெண்ணிலா · வியாழன், காலை 8.10

திருத்திய திட்டம்: ஐந்து வயது (5, 10, 15, 20, 60), நான்கு பகுதி, வயதுக்கு ஆறு ஈற்று, ஈற்றுக்கு எட்டுக் குட்டி, ஆணும் பெண்ணும் சமமாக. இடப் பாதி ஆர்.என்.ஏ., வலப் பாதி கொழுப்பு. ஒப்பீட்டு மரபணு தேர்வு முதலில். யூஜிடி8, சாக்ஸ்10, மிர்ஃப், பிடிஜிஎஃப்ஆர்ஏ, எம்ஓஜி. 10, 20, 60 நாளுக்கு இன் சிட்டு, அதற்கு மூன்று ஈற்றிலிருந்து தனிக் குட்டிகள். விட்டுப்போனது உண்டா?

சில்லித்தட்டு · வியாழன், காலை 8.42

ரெண்டு விஷயம். பிறந்த நாளை 0ன்னு எண்றீங்களா 1ன்னு எண்றீங்களான்னு முறைப் பகுதியில எழுதிடுங்க. 10லேர்ந்து 15 வரைக்கும் கோடு செங்குத்தா ஏறும், ஒரு நாள் பிசகே பிழைக்கோட்டை ரெட்டிப்பாக்கும். இரவுல ஈன்றதைக் காலையில பாத்தா எந்த நாள்னும் ஒரு விதி வச்சுக்கோங்க. அதே காரணத்துக்காக 12ஆம் நாள் ஒண்ணு சேர்த்துட்டு, பணம் பத்தலன்னா 5ஐ விட்டுடலாம்.

ஊசுடேரி · வியாழன், காலை 9.03

5ஐ விடாதீர்கள். பெரும்பாலும் முன்னோடி செல்லே இருக்கும் அடித்தளம் அதுதான். அது இல்லாமல் மிர்ஃப் ஒப்பீடு எங்கிருந்து தொடங்கும்? விடுவதானால் சிறுமூளையை விடுங்கள். அதை அரைத்தால் சிறுமணி நரம்புச் செல்களின் ஆர்.என்.ஏ.தான் குவியும், பிறந்த பிறகும் அவை பெருகிக்கொண்டே இருக்கும். ஒலிகோடென்ட்ரோசைட்டின் பங்கு வயதுக்கு வயது நீர்த்துப் போய்க் கணக்கு குழம்பும்.

கெடிலக்கரை · வியாழன், காலை 9.30

ஊசுடேரி சொல்வது சரி. மூளைத்தண்டும் புறணியும் இருந்தால் முன்னெழும் அலையும் பின்னெழும் அலையும் கிடைத்துவிடும். 12ஐச் சேருங்கள். அப்புறம் திருத்தம் கூடிப்போனதால் விலங்கு எண்ணிக்கை மாறும்; குழுவிடம் திருத்த மனு கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகே இனச்சேர்க்கைக்கு விடுங்கள்.